குளவி கொட்டி விழுந்த அம்மாவுக்கு நட்டஈட்டு தீர்ப்பு வந்திருக்கு, அப்பீல் போகலாமா? இந்த முறையையே மாத்த வேணாமா?

குளிர்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், தெரிஞ்சவங்க பொறுமையா வாசிச்சு பதில் சொல்லுங்க, எனக்கு யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல.

எங்க ஊர் இலங்கை மலையகத்துல, பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நான் கொழும்புல ஒரு கடையில நிக்கிறேன். அம்மா 26 வருஷமா கொழுந்து எடுக்குறவங்க. 2023ல ஒரு நாள் மலையில நிக்கும்போது குளவி கலைஞ்சு வந்து ஏழெட்டு பேருக்கு கொட்டிருச்சு, எல்லாரும் சிதறி ஓடியிருக்காங்க, அம்மா தலைக்கயிற கழட்டக்கூட நேரமில்லாம கூடையோடயே சரிவுல எறங்கி ஓடி, கான்ல (தண்ணி ஓடுற வாய்க்கால்ல) கால் மாட்டி விழுந்து வலது தோள்பட்டை எறங்கி மணிக்கட்டும் ஒடைஞ்சிருச்சு. குளவி கொட்டின வீக்கம் ஒரு கெழமையில போயிருச்சு. தோள் இன்னிக்கும் சரியாகல.

எப்பிடி சரியாகலன்னு சொல்லணும், பிரச்சினையே அதுலதான் இருக்கு. கொழுந்து எடுக்குறவங்களுக்கு தெரியும், ரெண்டு கையாலயும் எடுத்து ஒரு பிடி சேந்ததும் அத தோளுக்கு மேலால பின்னுக்கு கூடையில போடணும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை அந்த கை மேல போகும். அம்மாவுக்கு அந்த ஒரு அசைவுதான் வராது. கை நெஞ்சு வரைக்கும் வரும், அதுக்கு மேல தூக்கினா முகம் சுருங்கிரும். மத்தபடி சோறு ஆக்குவாங்க, தேத்தண்ணி ஊத்துவாங்க, பாத்தா ஒண்ணுமே இல்லாத ஆள் மாதிரிதான் இருப்பாங்க. டொக்டர் கைய மூடி தொறக்க சொன்னாராம், மூடி தொறந்தாங்க, விரல புடிச்சு அமுக்க சொன்னாராம், அமுக்கினாங்க, ஊனம் 10 சதவீதம்னு எழுதி குடுத்துட்டார். அந்த அறையில ஒரு கூடைய முதுகுல மாட்டி இப்ப போட்டு காட்டுங்கம்மான்னு யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா கதை வேற.

இப்ப தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர்கிட்ட இருந்து தீர்ப்பு வந்திருக்கு. குளவி கொட்டி ஆஸ்பத்திரியில கெடந்த நாளுக்கு மட்டும் ஏதோ காசு. தோளுக்கு ஒண்ணும் இல்ல. காரணம், அவங்க விழுந்தது வேலையில இல்லையாம், பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு (நாங்க குடியிருக்குற வரிசை வீட்டுக்கு) போற வழியிலயாம். விழுந்த எடம் லயத்து பாதைக்கு கிட்ட, டிஸ்பென்சரி புத்தகத்துல 12.20ன்னு நேரம் எழுதியிருக்கு, அத வச்சு அப்பிடி முடிவு பண்ணிட்டாங்க. குளவி தொரத்தும்போது மனுஷன் கூரை இருக்குற பக்கம்தான் ஓடுவான். அதுவும் போக, அப்பிடியே வேலை நேரம்னு எடுத்தாலும் 10 சதவீதம்தான்னு ஒரு வரி.

கடிதம் சிங்களத்துல வந்துச்சு. அதுவும் தோட்டத்து ஒஃபிஸுக்கு வந்து அங்க கெடந்து அம்மா கையில கெடைக்க 11 நாள். போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, என் கூட வேலை செய்ற சிங்கள அண்ணன்தான் வாசிச்சு சொன்னார். அவரே வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

எனக்கு கேக்க வேண்டியது ரெண்டு. அப்பீல் போனா அம்மாவோட தோள திரும்ப யாராவது பாப்பாங்களா, இல்ல பேப்பர மட்டும்தான் பாப்பாங்களா? அடுத்தது, இந்த அப்பீல் முறை தோட்டத்து ஆளுங்களுக்கு ஏத்த மாதிரி மாறணும்னா என்ன மாறணும், அத யாராவது எங்கயாவது பேசுறாங்களா? எங்க அம்மாவோட முடியுற விஷயமா இது எனக்கு தெரியல.

தலவாக்கலை பெரியவர்:

தம்பி, வாசிச்சிட்டு மனசு கனத்து போச்சு. நான் 30 வருஷத்துக்கு மேல தோட்டத் தலைவரா இருந்தவன், யூனியன் பக்கம் நின்னு இந்த மாதிரி எத்தனையோ கேஸுக்கு ஆளுங்கள கூட்டிக்கிட்டு கொழும்பு போயிருக்கேன். ராத்திரி பஸ்ல ஏறி கினிகத்தேனை, அவிசாவளை வழியா போய் விடியக்காலம் எறங்கி, பஸ் ஸ்டாண்டுல மூஞ்ச கழுவிக்கிட்டு ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு ஒஃபிஸ் தொறக்குற வரைக்கும் வாசல்ல ஒக்காந்திருப்போம். கை ஒடைஞ்ச ஆளு, கால் ஒடைஞ்ச ஆளு, வெள்ளத்துணி பையில பேப்பர சுருட்டி வச்சுக்கிட்டு. பேர் கூப்பிட்டு உள்ள போனா கம்பனி லோயர் வரல, திகதி மாத்திட்டோம், போங்க. ஒரே கேஸுக்கு அஞ்சு தடவ இப்பிடி போயிருக்கேன். ஒரு தடவ போய் வர ஆளுக்கு ரெண்டு நாள் பேர் (நாள் சம்பளம்) போயிரும், பஸ் காசு சாப்பாடு வேற. அஞ்சாவது தடவ அந்த மனுஷன் சொன்னார், தலைவரே போதும், குடுக்குறத வாங்கிக்கிறேன்னு.

அதனால நான் சொல்றது, அப்பீல மாத்தணும்தான், ஆனா அதுக்கு முன்னால முதல் விசாரணைய மாத்தணும். நம்ம ஆளுங்க தோக்குறது அங்கதான். யூனியன்ல இருந்து போற ஒருத்தர் ஒரே நாள்ல நாலஞ்சு ஃபைல் தூக்கிக்கிட்டு போவார், எதையும் முழுசா படிச்சிருக்க மாட்டார், நானே அப்பிடி போயிருக்கேன், மனசறிஞ்சு சொல்றேன். கேக்க வேண்டிய கேள்விய கேக்காம விட்டா அது பேப்பர்ல வராது. பேப்பர்ல வராதது மேல போனாலும் வராது.

இந்த தொழிலாளர் நட்டஈட்டு சட்டம் 1934லயே வந்தது, வெள்ளைக்காரன் காலம். அப்பவே அதுல என்ன இருந்துச்சுன்னா, தொழிலாளி கவனமில்லாம இருந்தானா கம்பனி கவனமில்லாம இருந்துச்சான்னு பாக்க வேணாம், வேலையில அடிபட்டா நட்டஈடு. நல்ல சட்டம்தான். அடிபட்ட நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்ங்கறதுகூட நம்ம ஆளுங்களுக்கு தெரியாது, கண்டாக்குதுரை (தோட்டத்து அதிகாரி) பாத்துக்குவார்னு இருந்திருவாங்க.

இப்ப உங்க அம்மா கேஸ்ல எனக்கு ஒரு விஷயம் ஒறுத்துது. பகல் சாப்பாட்டுக்கு போனாங்கன்னு எழுதியிருக்காங்களே, பகலுக்கு எந்த பொம்பளையாவது கூடை நெறைய கொழுந்தோட லயத்துக்கு போவாளா? கொழுந்த நிறுத்துட்டு, கணக்கப்பிள்ளை கிலோ எழுதினதுக்கு அப்பறம்தான் வீட்டுக்கு போவாங்க. நீங்க கூடையோட விழுந்தாங்கன்னு சொல்றீங்க. அந்த கூடையில இருந்த கொழுந்து என்னாச்சு? அன்னைக்கு பகல் நிறுவை அம்மா பேர்ல எப்ப, எத்தனை கிலோ போட்டிருக்கு? செக்ரோல (ஆள் பேரும் கிலோவும் எழுதுற தோட்டத்து பதிவ) பாருங்க தம்பி. முதல் விசாரணையில இத யாராவது கேட்டாங்களா?

ஹட்டன் கறுப்பு கோட்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், ஆனா பத்து வருஷத்துக்கு மேல இந்தப் பக்கம்தான் வழக்குகள் பாக்கிறன். பெரியவர் கேட்ட கேள்வி ஒரு சட்டத்தரணி கேக்கவேண்டிய கேள்வி, அதுக்கு கடைசியில வாறன்.

முதல் அவசரம். மேன்முறையீட்டுக்கு நாள் கணக்கு இருக்கு, அது ஓடிக்கொண்டிருக்கு. நாளைக்கே ஒரு சட்டத்தரணியப் பிடியுங்கோ. காசு இல்லையெண்டா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, 1978ம் ஆண்டு சட்டத்தால உருவானது, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு காசில்லாம வழக்கு பேசுவினம். கடிதம் வந்த உறைய எறிஞ்சு போடாதேங்கோ, அதில இருக்கிற தபால் முத்திரை உங்களுக்கு வேணும்.

இனி நீங்கள் கேட்ட முதல் கேள்வி. தோளத் திரும்ப பாப்பினமோ எண்டா, மாட்டினம். ஆணையாளர்ட கட்டளைக்கு, அதுதான் உங்களுக்கு வந்த தீர்ப்புக்கு, மேல போறதெண்டா அதில சட்டப் பிரச்சினை ஒண்டு இருக்க வேணும். 10 சதவீதமோ 40 சதவீதமோ எண்டது சம்பவம் சம்பந்தப்பட்ட விஷயம், அத மேல இருக்கிற நீதிபதி புதுசா எடை போட மாட்டார். தொழில் நியாய சபை (வேலை நீக்கம் மாதிரியான பிணக்குகள் போற இடம்) வழக்குகளிலயும் இதே கதைதான், அங்க இருந்து மாகாண மேல் நீதிமன்றத்துக்கு 30 நாளுக்குள்ள போகலாம், ஆனா சட்டப் பிரச்சினையில மட்டும். காயப்பட்ட சனத்துக்கும் இந்த முறைக்கும் இடையில இருக்கிற பெரிய ஓட்டை இதுதான் எண்டு நான் நினைக்கிறன். சனம் தோக்கிறது முக்கால்வாசி டொக்டர் எழுதின ஒரு இலக்கத்தில. அந்த இலக்கம் பிழையெண்டு சொல்லுறதுக்கு மேல ஒரு கதவு இல்லை. சட்டம் பேசத்தான் கதவு இருக்கு, தோளைப் பற்றிப் பேச இல்லை.

எண்டாலும் உங்கட அம்மாவுக்கு கதவு இருக்கு, ரெண்டு இருக்கு. ஒண்டு, 2022ல இந்தச் சட்டத்தத் திருத்தினவை. ஆகக்கூடிய நட்டஈட்டுத் தொகை 550,000 ரூபாயில இருந்து 20 லட்சமா கூடினது எல்லாருக்கும் தெரியும், பேப்பரில வந்தது. (20 லட்சம் எண்டது உச்சம், எல்லாருக்கும் அது இல்லை, சம்பளத்தையும் சதவீதத்தையும் வச்சுத்தான் கணக்கு.) ஆனா அதே திருத்தத்தில வேலைக்குப் போகேக்க, வேலை முடிஞ்சு வீட்ட வரேக்க நடக்கிற விபத்தும் சேர்ந்தது, அத கனபேர் கவனிக்கேல்லை. உங்கட அம்மா விழுந்தது 2023ல. அப்ப லயத்துக்குப் போற வழியில விழுந்தா எண்டு கம்பனி சொன்னாலும், அந்தக் கதையே அவைக்கு உதவாது எண்டு வாதாட இடம் இருக்கு. பகல் இடைவேளையில போறது அந்தத் திருத்தத்துக்குள்ள வருமோ எண்டது தனிச் சட்டக் கேள்வி. மேன்முறையீடு இருக்கிறதே இப்பிடியான கேள்விக்குத்தான். கட்டளையில அந்தத் திருத்தத்தப் பற்றி ஒரு சொல் இருக்கோ எண்டு பாருங்கோ.

மற்றது, கையில இருக்கிற சாட்சியத்துக்கு நேர்மாறா ஒரு முடிவு எடுத்தா, இல்லையெண்டா ஒரு சாட்சியமும் இல்லாம முடிவு எடுத்தா, அதுவும் சட்டப் பிழைதான். பெரியவர் சொன்ன செக்ரோல் ஏற்கனவே வழக்குக் கோவைக்குள்ள (ஃபைலுக்குள்ள) ஆவணமா இருக்கெண்டா, அத மேல எடுத்துக்கொண்டு போகலாம். புதுசா கொண்டுபோய்க் குடுக்கிறது கஷ்டம். கம்பனி வழமையா செக்ரோல் பிரதி போடும், நீங்கள் விளங்காம விட்டிருப்பியள். கோவையின்ர முழுப் பிரதியையும் எடுங்கோ.

இனி ரெண்டாவது கேள்வி, என்ன மாற வேணும் எண்டது. எனக்கு முதல் வேணும் எண்டது ஒரு மருத்துவ மீளாய்வு சபை. மூண்டு வைத்தியர், அதில ஒருத்தர் எலும்பு பற்றித் தெரிஞ்சவர், தொழிலாளி என்ன வேலை செய்யிறா எண்டு கேட்டு அந்த வேலைய செய்யச் சொல்லிப் பாத்து இலக்கம் போட வேணும், கண்டியிலயோ பதுளையிலயோ இருந்தா காணும், கொழும்புக்கு வரச் சொல்ல வேண்டாம். சதவீதம் மட்டும்தான் பிரச்சினையெண்டா நீதிமன்றத்துக்கே போக வேண்டியதில்லை, அங்க முடியும்.

அடுத்தது காசு. தொழில் நியாய சபைத் தீர்ப்புக்கு எதிரா முதலாளி மேன்முறையீடு செய்யிறதெண்டா, குடுக்கச் சொன்ன தொகைய முதல் கட்டிப்போட்டுத்தான் போகேலும், அது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்திலயே இருக்கு. நல்ல விஷயம், விளையாட்டுக்கு மேல போறத அது குறைக்குது. நட்டஈட்டில நான் கேக்கிறது அதுக்கும் ஒரு படி மேல. கட்டின காசு பெட்டிக்குள்ள கிடந்து என்ன பிரயோசனம், வழக்கு முடியிற வரைக்கும் அதில ஒரு பங்கு மாதா மாதம் காயப்பட்டவவின்ர கைக்குப் போகோணும். ரெண்டு பகுதியும் ஒத்துக்கொள்ளுற தொகையெண்டா உடனேயே போகோணும். பசியோட இருக்கிற ஆள் மேன்முறையீட்ட வெல்லும்வரை காத்திருக்க மாட்டார் எண்டு எதிர்ப்பக்கத்துக்குத் தெரியும்.

பதுளை அக்கா:

தம்பி நான் சட்டம் தெரிஞ்சவ இல்ல. நடந்தத சொல்றேன், உதவுமான்னு பாருங்க.

என் வீட்டுக்காரர் தோட்டத்து ஸ்டோர்ல (தேயிலை ஃபேக்டரியில) வேலை. 2019ல அங்கயே மெஷின்ல அடிபட்டு போயிட்டார். எனக்கு அப்ப ரெண்டு பிள்ளை, சின்னவ புள்ளக்காம்பராவுல (தோட்டத்து பிள்ளைக் காப்பகத்துல) இருந்தா. எங்க கல்யாணம் கோயில்ல நடந்தது, பதியல. எங்க லயத்துல பாதி பேர் பதியல அப்போ. அதுக்கு மேல என் பேர் ஐடியில ஒரு மாதிரி, பிள்ளைங்க பொறப்பு சர்டிபிக்கட்ல ஒரு மாதிரி, செக்ரோல்ல அவர் கூப்பிடுற பேர். விசாரணையில கம்பனி பக்கம் முதல்ல கேட்டது இவங்க அவரோட சம்சாரம்தானான்னு. மெஷின பத்தி கேக்கல. பதிமூணு வருஷம் ஒரே அறையில குடும்பம் நடத்தினவள பாத்து. கிராம சேவகர்கிட்ட கடிதம், ஐயர்கிட்ட கடிதம், சத்தியக்கடதாசி, அதுக்கே பத்து மாசம் போச்சு.

அப்பறம் எனக்கு சார்பா தீர்ப்பு வந்துச்சு. அழுதேன். ஒரு மாசத்துல கம்பனி அப்பீல் போட்டுருச்சு. அப்பறம் கொரோனா. அப்பறம் 2022. அந்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், செப்டெம்பர்ல விலைவாசி 70 சதவீதத்துக்கு கிட்ட ஏறுச்சுன்னு நியூஸ்ல சொன்னாங்க, மா வாங்கி ரொட்டி சுடுறதே யோசிச்சுத்தான். தீர்ப்புல எழுதின அதே தொகை 2023ல என் கைக்கு வந்துச்சு. ஒரு ரூபா கூடல. தீர்ப்பு வந்த அன்னைக்கு அந்த காசுல அறைக்கு பின்னால ஒரு குசினி கட்டி, மூத்தவள படிக்க வைக்கலாம்னு கணக்கு போட்டு ஒரு கொப்பியில எழுதி வச்சிருந்தேன். காசு கைக்கு வந்தப்ப அந்த கொப்பிய எடுத்து பாத்தேன், குசினிக்கு தகரமும் சீமெந்தும் வாங்கவே பத்தல. கம்பனி தோத்துதான் போச்சு, ஆனா நான் எங்க ஜெயிச்சேன்.

அதனால நான் கேக்குறது, லேட்டாகுற ஒவ்வொரு மாசத்துக்கும் வட்டி போடணும். அப்பீல் போட்டு தோத்தா அந்த வட்டிய அப்பீல் போட்டவங்க குடுக்கணும். பிறகு, இவ சம்சாரமாங்கற கேள்விய கேஸ தள்ளிப்போட பாவிக்க விடக்கூடாது, கூட இருந்தான்னு லயத்துல நாலு பேர் வந்து சொன்னா போதும்னு வைக்கணும்.

உங்க அம்மா உயிரோட இருக்காங்க தம்பி. அந்த ஒண்ணுக்கு நான் சாமிக்கு நன்றி சொல்றேன். விடாதீங்க, கையெழுத்து மட்டும் யார் கேட்டாலும் போட விடாதீங்க. எனக்கு பாதி வழியில ஒரு பேப்பர் கொண்டு வந்தாங்க, இதுல போட்டா உடனே காசுன்னு. என் அண்ணன் வாசிச்சிட்டு கிழிச்சே போட்டார்.

ஒஃபிஸ் மேசை:

நான் தோட்டத்து ஒஃபிஸ்ல கிளாக்கரா வேலை செய்றவன், அதனால என்னைய திட்டாம வாசிங்க. நாங்க எல்லாம் ஆளுங்களுக்கு எதிரா நிக்கிறவங்க இல்ல. விபத்து நடந்தா ரிப்போட் எழுதி அனுப்புறது நான்தான், எங்க தோட்டத்துல அதுக்கு அப்பறம் எல்லாம் இன்சூரன்ஸ் காரங்க கையில. துரை குடுக்கலாம்னு நெனச்சாலும் அவங்க லோயர் அப்பீல் போடுன்னா போடுறதுதான். அதனால அப்பீல மட்டும் மாத்தி பிரயோசனம் இல்லன்னு எனக்கு தோணுது, இன்சூரன்ஸ் எத்தனை நாளுக்குள்ள ஆமா இல்லன்னு சொல்லணும்னு ஒரு கெடு போடணும். இன்னொன்னு, இப்ப நெறைய எடத்துல மலைய பிரிச்சு குடும்பத்துக்கு குடுத்து கொழுந்த வாங்கிக்கிறாங்க, கொந்தரப்புக்கும் (ஒப்பந்தத்துக்கும்) ஆள் எடுக்குறாங்க. அவங்க பேர் செக்ரோல்ல இல்ல. அவங்கள குளவி கொட்டினா யார் முதலாளின்னே ஒரு வருஷம் வழக்கு ஓடும். மருத்துவ சபை எல்லாம் செக்ரோல்ல பேர் இருக்குறவங்களுக்குத்தான் வந்து சேரும்.

கடிதம் 11 நாள் ஒஃபிஸ்ல கெடந்தது எனக்கு வெக்கமா இருக்கு. எங்க ஒஃபிஸ்லயும் கடிதம் ஒரு பெட்டியில குமிஞ்சு கெடக்கும், பிரட்டுல (காலையில வேலைக்கு ஆள் கூடுற எடத்துல) பேர் கூப்பிட்டு குடுக்குறது, ஆள் அன்னைக்கு வராட்டி அப்பிடியே இருக்கும். நாளையில இருந்து நானே பாத்து குடுக்குறேன்.

ஹட்டன் கறுப்பு கோட்:

ஒஃபிஸ் மேசை, கடைசியா எழுதினது பெரிய விஷயம், நன்றி. கொந்தரப்பு ஆக்கள் பற்றி சொன்னதும் சரி, நான் அத விட்டுட்டன். சட்டத்தில வேலையாள் எண்டதுக்கு இருக்கிற வரைவிலக்கணத்தத் திறக்காம மேன்முறையீட்டத் திருத்தினா அவை வெளியிலதான் நிப்பினம்.

கடிதத்தப் பற்றி நான் சொல்ல மறந்தது, நாள் கணக்கு கடிதத்தில இருக்கிற திகதியில இருந்து ஓடக்கூடாது, தொழிலாளிக்கு அவவின்ர மொழியில கையில கிடைச்ச நாளில இருந்துதான் ஓடவேணும். தமிழில பதில் பெறுற உரிமை அரசியலமைப்பிலயே இருக்கு. ஆணையாளருக்கு எழுதி தமிழ்ப் பிரதி கேளுங்கோ, அதுக்கு இருந்து பாத்துக்கொண்டு மேன்முறையீட்டத் தள்ளிப் போடாதேங்கோ. சிங்களப் பிரதியோட போட்டுட்டு மற்றத பிறகு பாக்கலாம். வைத்திய அறிக்கைகள் அரச ஆஸ்பத்திரியில மாட்டிக்கொண்டு இருந்தா 2016ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தால கேளுங்கோ, 14 வேலை நாளுக்குள்ள அவை முடிவு சொல்ல வேணும்.

கோத்தகிரி சொந்தம்:

நான் அப்புத்தளை. எங்க பெரியப்பா குடும்பம் 1964 ஒப்பந்தத்துல இந்தியா போய் இப்ப நீலகிரியில இருக்காங்க, கோத்தகிரி பக்கம், அங்கயும் தேயிலைதான். பெரியப்பா மகன் தோட்டத்துல மரம் விழுந்து கால் போச்சு, அந்த கேஸுக்காக நான் அவங்க சட்டத்த கொஞ்சம் வாசிச்சேன். நான் வாசிச்சது அங்க 2025 வரைக்கும் இருந்த 1923ம் வருஷ சட்டம், நம்ம சட்டத்துக்கு மூத்தது, ரெண்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

அந்த சட்டத்துல, நட்டஈடு குடுக்க வேண்டிய நாள்ல இருந்து ஒரு மாசத்துக்குள்ள குடுக்காட்டி வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி, தாமதத்துக்கு சரியான காரணம் இல்லன்னா அதுக்கு மேல 50 சதவீதம் வரைக்கும் தண்டம். முதலாளி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகணும்னா தொகைய கமிஷனர்கிட்ட கட்டிட்டேன்னு சர்டிபிக்கட் வச்சாத்தான் அப்பீலையே எடுத்தாங்க. பதுளை அக்கா கேட்ட வட்டி அங்க அந்த சட்டத்துலயே இருந்துச்சுக்கா, இங்க கேக்குறது புதுசா எதையும் கண்டுபிடிக்க சொல்லி இல்ல.

அதுக்காக அங்க எல்லாம் நல்லா இருக்குன்னு நெனக்காதீங்க. அண்ணனுக்கும் சதவீதத்துலதான் சண்டை. கால் போனவன் சரிவுல நிக்க முடியாது, ஆனா ஒக்காந்து செய்ற வேலைக்கு ஆகும்னு எழுதினாங்க. தோட்டத்துல ஒக்காந்து செய்ற வேலை எங்க இருக்கு?

தலவாக்கலை பெரியவர்:

நல்ல கேள்வி. இதத்தான் நான் யூனியன் கூட்டத்துல கத்திக்கிட்டே இருந்தேன். சம்பளத்துக்கு ரோட்டுல எறங்குவோம், 2021ல 1000 ரூபாய்க்கும் 2024ல 1350க்கும் எத்தனை போராட்டம். கை ஒடைஞ்சவங்களுக்காக ஒரு நாள் பிரட்ட நிப்பாட்டினது கெடையாது, ஏன்னா அடிபட்டவன் தனியாள். பாராளுமன்றத்துல நம்ம ஆளுங்க யார் எந்த கட்சியில இருந்தாலும் சரி, இந்த மருத்துவ சபை, மாசக் காசு, வட்டி, கடிதம் தமிழ்ல கெடைச்ச நாள்ல இருந்து கணக்கு, இத ஒரு மகஜரா (கூட்டு மனுவா) எழுதி எல்லாருக்கும் குடுக்கணும். லோயர் தம்பி எழுதி குடுத்தா தோட்டந்தோட்டமா கையெழுத்து நான் வாங்கி தாறேன். இந்த வயசுலயும் ஏறி எறங்குவேன்.

தம்பி, செக்ரோல் பாத்தீங்களா?

குளிர்காத்து:

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்றதுன்னு தெரியல. லீவு சொல்லிட்டு நேத்து ராத்திரி பஸ்ல ஊருக்கு வந்துட்டேன். யூனியன் ஐயா வீட்டுல இருந்த முழு ஃபைலையும் வாங்கி ராத்திரி முழுக்க அம்மாவும் நானும் தங்கச்சியும் லைட்டுக்கு கீழ ஒக்காந்து பாத்தோம்.

கம்பனி போட்ட பேப்பர்லயே செக்ரோல் பக்கம் ஒண்ணு இருக்கு. அன்னைக்கு தேதியில அம்மா பேருக்கு நேரா காலை நிறுவை 8 கிலோ, பகல் நிறுவை 9 கிலோ. நான் முதல்ல பயந்துட்டேன், பகலுக்கு நிறுத்துட்டு போன மாதிரி இருக்கேன்னு. அம்மாகிட்ட கேட்டேன். அம்மா யோசிச்சு சொன்னாங்க, நான் எங்க நிறுத்தேன், நான் கான்ல கெடந்தேன், பக்கத்து நெரையில நின்ன அக்காதான் செதறின கொழுந்த அள்ளி என் கூடையில போட்டு கொண்டு போய் என் பேர்ல நிறுத்தான்னு. அந்த அக்காவ போய் பாத்தேன். அவங்களுக்கும் அன்னைக்கு கொட்டினது, கழுத்துல இன்னும் தழும்பு இருக்கு. நல்லா ஞாபகம் வச்சிருக்காங்க, அம்மாவ லொறியில ஏத்தி டிஸ்பென்சரிக்கு அனுப்பிட்டு அப்பறம்தான் நிறுவைக்கு கொண்டு போனேன், கணக்கப்பிள்ளை யார் கூடைன்னு கேட்டு எழுதினார்னு சொன்னாங்க. செக்ரோல்ல 9 கிலோவுக்கு பக்கத்துல சின்னதா ஒரு பேர் எழுதியிருக்கு, நாங்க அத கணக்கப்பிள்ளையோட கையெழுத்துன்னு நெனச்சிருந்தோம். அது அந்த அக்காவோட பேர்.

கட்டளையில 2022 திருத்தத்த பத்தி ஒரு வார்த்தை இல்ல. அதையும் தங்கச்சி வரி வரியா பாத்துட்டா, அவளுக்கு சிங்களம் வாசிக்க தெரியும்.

எல்லாத்தையும் போட்டோ எடுத்து கறுப்பு கோட் அண்ணனுக்கு அனுப்பியிருக்கேன், நாளைக்கு காலையில அம்மாவ கூட்டிக்கிட்டு ஹட்டனுக்கு வர சொல்லியிருக்கார். உறையும் இருக்கு, தங்கச்சி பத்திரமா வச்சிருந்தா. ஒஃபிஸ் மேசை அண்ணன், கொந்தரப்பு ஆளுங்க பத்தி நீங்க சொன்னதையும் மகஜர்ல சேக்கணும், என் சித்தப்பா இப்ப அப்பிடித்தான் வேலை செய்றார்.

இங்க நல்ல மழை. அம்மா இப்பதான் வந்து கேட்டுட்டு போறாங்க, நாளைக்கு கூடையையும் தூக்கிட்டு வரட்டுமான்னு.